சட்டைப்பையில் கிடந்த வாஷர்

முதுகுத்தண்டு தேய்ந்து, கடலுக்குப் போவதை விட்ட பிறகு கொஸ்தான் மெற்றில்டாவின் பட்டறையில் சேர்ந்தான். துறைமுகத்து வள்ளங்களின் டீசல் எஞ்சின்களை அவள்தான் பழுது பார்த்துவந்தாள். வயதில் அவனைவிட இளையவள். அவன் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டான். அவள் அவனை அண்ணே என்றாள்.

சேர்ந்த நாளிலிருந்து கழுவுகிற வேலைதான். ஃபில்டர் கழுவினான், டீசல் தொட்டி கழுவினான், கரியேறிய சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தான். வீட்டுக்குப் போனால் சோற்றிலும் டீசல் வாடை அடித்தது. வலை இழுத்த காலத்தில்கூட இப்படிக் களைத்ததில்லை என்று மனைவியிடம் சொன்னான்.

ஒருநாள் சாயங்காலம் மெற்றில்டா லிகோரியின் வள்ளத்தைக் காட்டினாள். கொஸ்தான் பல வருஷம் வேலை பார்த்த வள்ளம் அது.

"டீசல் பைப்பைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டுங்க. நீங்களே பண்ணுங்க. நான் வந்து பார்க்கமாட்டேன்."

செய்து முடித்தான். எஞ்சின் ஓடியது. லிகோரி தோளில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை டீக்கடையில் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டான். விரலில் ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. உள்ளே புதுச் செம்பு வாஷர்கள். பைப்பைக் கழற்றினால் பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பு வழியாகக் காற்று புகுந்து எஞ்சின் நின்றுவிடும். நேற்று முதுகு வலி பொறுக்கவில்லை. சீக்கிரம் முடித்தால் போதும் என்று கை பழையதையே வைத்து முடுக்கியிருக்கிறது.

டீயைக் குடிக்காமல் பட்டறைக்கு ஓடினான்.

மெற்றில்டா பொட்டலத்தைப் பார்த்தாள். "லிகோரி எந்தப் பக்கம் போயிருக்காரு?"

"தெக்க. விடியுமுன்ன போயாச்சு. அங்க போன் எடுக்காது."

அவள் கரைக்குப் போனாள். புறப்படவிருந்த ஒரு வள்ளத்துக்காரரிடம், "தெக்க லிகோரியைப் பார்த்தா பக்கத்துலயே இருங்க. எஞ்சின் நிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் வேறொரு எஞ்சினின் பைப்பை அவன் முன்னால் வைத்தாள்.

"இதை மாட்டுங்க."

"இப்பவா மேஸ்திரி?"

"இப்பத்தான். மாட்டுங்க."

மாட்டினான். சந்தேகம் வந்து கழற்றினான். மறுபடி புது வாஷர் வைத்து மாட்டினான். மதியச் சாப்பாடு தூக்குவாளியிலேயே இருந்தது. கடலில் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே போய்ப் பார்த்தான். வேறு வேறு வள்ளங்கள் வந்தன. லிகோரியின் மருமகன் டெரன்ஸும் அவனோடுதான் போயிருந்தான். அவனுக்கு நீச்சல் அவ்வளவாக வராது. கொஸ்தான் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வள்ளம் இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

லிகோரி இறங்கினான். உப்புக் காற்றில் உதடு வெடித்திருந்தது. டெரன்ஸ் நடக்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பைப்புல காத்து ஏறிட்டு. எடுத்துவிட எடுத்துவிட நிக்குது. அலை வள்ளத்தைக் குறுக்க போட்டு உருட்டிட்டு" என்று லிகோரி மெற்றில்டாவிடம் சொன்னான். "நீ சொல்லிவிட்ட ஆள் வரலன்னா கரை பார்த்திருக்க மாட்டோம்."

கொஸ்தான் முன்னால் வந்தான். "என் தப்பு. பழைய வாஷரைப் போட்டுட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

லிகோரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று கொஸ்தான் காத்திருந்தான். லிகோரி திரும்பிக் கரைக்கு நடந்தான். டெரன்ஸைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மெற்றில்டா ஸ்பேனரை நீட்டினாள். "இறங்கி மாத்திட்டு வாங்க."

வள்ளத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வாந்தி வாடை அடித்தது. கொஸ்தான் முட்டியளவு தண்ணீரில் குனிந்து ஒவ்வொரு வாஷராக மாற்றினான். பைப்பில் இருந்த காற்றை எடுத்துவிட்டு எஞ்சினைப் போட்டான். நிற்காமல் ஓடியது. அணைத்தான், மறுபடி போட்டான். அப்புறம் மேலே ஏறி வந்து ஸ்பேனரைப் பட்டறை மேசையில் வைத்தான்.

"நாளையிலேர்ந்து நான் வரல மேஸ்திரி."

"ஏன்?"

"கடலுக்குப் போனப்ப என் உசுருக்கு மட்டுந்தான் பயந்தேன். இது அப்படி இல்ல."

"ஆமா."

அவள் ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அந்த ஒரு நாளில் உடம்பு முழுக்கக் கிழடாகிவிட்டது போலிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றான். "உங்களுக்கு இந்தப் பயம் எப்ப போச்சு? அதுவரைக்கும் தாங்குவேனான்னு பார்க்கேன்."

மெற்றில்டா கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நம்ம கை பட்ட வள்ளம் இன்னும் நாலு வரணும். எல்லாம் வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றாள். "நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க அண்ணே."