கோரைக் கட்சி ஜெயித்தது

காட்டை ஒட்டிய ஏரி ஒன்றில் செங்கண்ணி என்ற நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை, இருந்தது. ஏரிச் சபைத் தேர்தலில் அதன் கட்சி அமோகமாக ஜெயித்த மறுநாள், அது யார் கண்ணிலும் படாமல் மதகுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. தோற்றவர் ஒளிவது உலக வழக்கம். ஜெயித்தவர் எதற்காக ஒளிய வேண்டும்? அதுதான் கதை.

அந்த ஏரிக்கரையில் ஒன்பது துறைகள். துறைக்கு ஓர் உறுப்பினர். ஒன்பது இடங்களிலும் காலங்காலமாக எருமைக் கட்சிதான் உட்கார்ந்திருந்தது. எருமைகள் வைத்ததே சட்டம். மேற்குக் கரையில் அடர்ந்திருந்த கோரைக்குள் அவை இஷ்டத்துக்கு மேய்ந்தன, புரண்டன. அந்தக் கோரைக்குள்தான் நாமக்கோழிகள் கூடு கட்டும். தவளைகள் முட்டையிடும். விரால் தன் குஞ்சுகளை ஒளித்து வைக்கும். கேட்க நாதியில்லை.

ஒருநாள் செங்கண்ணியின் கூடும் மிதிபட்டது. முட்டைகள் நொறுங்கின. அழுது முடித்த கையோடு அது கோரைக் கட்சியைத் தொடங்கியது. கோரையைக் காப்போம் என்பதே கட்சியின் ஒரே கொள்கை. எருமைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "நாலு கோழி, நாலு தவளை. இதுக்குப் பேரு கட்சியா?"

அந்த ஏரியில் ஓட்டுப் போடும் முறையே தனி. பிடித்த கட்சியின் சின்னத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து ஆமையின் முன்னால் போட வேண்டும். ஆமை எண்ணிச் சொல்லும். எருமைக் கட்சிக்குச் சேற்றுருண்டை சின்னம். கோரைக் கட்சிக்கு, வேறென்ன, கோரைத்தாள்.

முதல் தேர்தலில் ஒரு துறை கிடைத்தது. அதற்கே தவளைகள் விடிய விடியக் கத்தித் தீர்த்தன. ஆளுக்கொரு பச்சைத்தாளைத் தலையில் செருகிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அடுத்த தேர்தலில் மூன்று துறைகள். கட்சியின் பிரசாரச் செயலாளர் தம்பட்டம் என்ற தவளை. அது வெற்றி ஊர்வலத்துக்காக ஒவ்வொரு துறைக்கும் கோரையில் தோரணம் கட்டச் சொன்னது. தொண்டர் படை நண்டுகள் கொடுக்கால் நறுக்கிக் கட்டுக் கட்டாகக் குவித்தன.

அந்த ஊர்வலம் முடிந்து திரும்பும்போது மேற்குக் கரையில் ஒரு மூலை வழுக்கையாகிக் கிடந்தது. செங்கண்ணி அதைப் பார்த்தது. மனசு சுருக்கென்றது. அதற்குள் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டது.

மூன்றாவது தேர்தல் நெருங்கியது. ஒருநாள் விரால் வந்தது. கட்சிக்கு முதன்முதலில் ஓட்டுப் போட்ட விரால் அது.

"அக்கா, ஒரு வார்த்தை."

"சொல்லும்மா."

"நம்ம சின்னத்தை மாத்திட்டா என்னக்கா? ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. எவ்வளவு பிடுங்கினாலும் தீராது. அந்த இலைய வெச்சுக்கலாமே. என் குஞ்சுங்க ஒளிய எடம் கொறஞ்சிக்கிட்டே வருது. நீர்க்காகம் அந்தப் பக்கமே சுத்துது."

தம்பட்டம் இடையில் குதித்தது. "ஆகாயத்தாமரையா! அது ஏரியக் கெடுக்கிற களை. அத வெச்சு ஓட்டுக் கேட்டா நம்ம மானம் என்னாகிறது?"

விரால் சொல்வது சரி என்று செங்கண்ணிக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து எதிர்த் துறையில் ஒரு கூட்டம் அதன் பெயரைச் சொல்லி முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தம் செங்கண்ணிக்கு ருசித்துப் போயிருந்தது.

"இப்போ சின்னத்த மாத்தினா சனம் குழம்பிடும். இந்த ஒரு தேர்தல் மட்டும் பொறுத்துக்கோம்மா. ஆட்சிக்கு வந்ததும் கரை முழுக்க நட்டுடலாம்."

விரால் வாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

தேர்தல் நாளில் ஏரியே பச்சையாகிவிட்டது. வரிசை வரிசையாக வந்தார்கள், வாயில் ஆளுக்கொரு கோரைத்தாள். எருமைக் கட்சியின் பழைய ஆதரவாளர்களான பன்றிகள்கூடத் தாளோடு வந்து நின்றன. ஒன்பதில் ஆறு துறைகள் கோரைக் கட்சிக்கு. எங்கு பார்த்தாலும் வளைவு, தோரணம், ஊர்வலம். நண்டுகள் பெரிய கோரை மாலை ஒன்றைக் கட்டிச் செங்கண்ணியின் கழுத்தில் போட்டன. அதற்கு மூக்குக்கு முன்னால் இருப்பதே தெரியவில்லை.

மறுநாள் காலை புதிய சபை கூடியது. செங்கண்ணி மாலையோடே எழுந்து தொண்டையைக் கனைத்தது.

"முதல் தீர்மானம். மேற்குக் கரைக் கோரையில் இனி யாரும் மேயக் கூடாது, புரளக் கூடாது."

எருமைகளின் தலைவன் மேட்டான் மெல்ல எழுந்தது.

"நல்ல தீர்மானம்மா. நாங்களும் ஒத்துக்கிறோம். ஆனா எந்தக் கோரைன்னு கொஞ்சம் காட்டிடுங்க. அதுல வாய் வைக்காம இருக்கோம்."

அது கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டது. அதைத்தான் செங்கண்ணியால் தாங்க முடியவில்லை.

எல்லாரும் மேற்கே திரும்பிப் பார்த்தார்கள். நறுக்கிய அடிக்கட்டைகளும் சேறும்தான் இருந்தன. நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தன. எருமைகள் எத்தனையோ வருஷம் மேய்ந்தும் தீராத கோரை அது.

செங்கண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது. கழுத்து மாலையைக் கழற்றப் பார்த்தது. நண்டுகள் இறுக்கிக் கட்டியிருந்ததால் அது கழலவில்லை. சபை பார்த்துக்கொண்டிருக்க, மாலையோடு மல்லுக்கட்டி ஒருவழியாக அறுத்துப் போட்டுவிட்டு நீந்திப் போய் மதகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அங்கேயும் விரால் தேடி வந்துவிட்டது. பின்னால் குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கூட்டம் மிகவும் சிறுத்திருந்தது. செங்கண்ணி தலையைத் தூக்கவில்லை.

"மத்ததுங்க?"

"நேத்து நீங்க ஊர்வலம் போனப்போ நீர்க்காகம் எறங்கிடுச்சுக்கா. ஒளிய எடமில்ல."

"என்னைத் திட்டிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எந்த வாயால திட்டுவேன்? குஞ்சுங்க ஒண்டியிருந்த தாளத்தான் நானும் கடிச்சுக்கிட்டு வந்து ஓட்டுப் போட்டேன். நீங்க தோத்துட்டா எருமை மேஞ்சிடுமேன்னு பயம்."

அது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் செங்கண்ணிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விரால் தயங்கித் தயங்கிச் சொன்னது. "நடந்தது போகட்டும். மிச்சம் இருக்கிறதுங்கள எங்க ஒளிக்கிறதுன்னு கேக்கத்தான் வந்தேன். நீங்கதானே இப்போ ஏரிக்குத் தலைவி?"

நட்டாலும் கோரை தழைக்க அடுத்த மழைக்காலம் ஆகும். செங்கண்ணி தன் இரண்டு இறக்கைகளையும் விரித்துத் தண்ணீரில் தாழ்த்தியது. குஞ்சுகள் அடியில் வந்து ஒண்டிக்கொண்டன. கரைமேல் ஒரு நீர்க்காகம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அக்கரையில் தொண்டர்கள் "தலைவி எங்கே?" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். செங்கண்ணி குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, இறக்கை மரத்துப்போன பிறகும் அசையாமல் இருந்தது.

காக்கப் புறப்பட்ட பொருளையே செலவழித்து வாங்கும் வெற்றி, தோல்வியைவிட வெட்கக்கேடானது.