உருட்டியும் காய்ச்சல்காரக் காற்றும்

காங்கயம் பக்கத்து மேய்ச்சல் காடு ஒன்றில் உருட்டி என்றொரு சாணிவண்டு குடியிருந்தது. செவலைப் பசு போடுகிற சாணியை உருண்டை பிடித்து, பின்னங்காலால் தள்ளிப்போய், மண்ணுக்குள் குழி பறித்து இறக்கிவிடும். தின்றது போக மிச்சம் மண்ணுக்கு. புண்ணியம் என்றெல்லாம் அது நினைத்ததில்லை. வயிற்றுப்பாடு, அவ்வளவுதான்.

அந்த வருஷம் காற்றுக்குக் காய்ச்சல் கண்டது. அது காட்டுக்காரி பாவாத்தாளிடம் போய்க் கத்தியது.

"எல்லாம் இந்தச் செவலையாலதான். படுத்து அசைபோட்டு ஏப்பம் விடுறா. அந்த ஏப்பம் எனக்குச் சூடு ஏத்துது. இவளை ஓட்டு. இல்லாட்டி உன் வீட்டு ஓட்டைப் பிரிச்சு எறிஞ்சிருவேன்!"

பாவாத்தாள் பயந்துபோனாள். மாடுகளையெல்லாம் ஊருக்குள் கொட்டகையில் கட்டிவிட்டு, காட்டுப் படலைச் சாத்தினாள்.

புல்லுக்கு முதலில் கொண்டாட்டம். இஷ்டத்துக்கு வளர்ந்தது. அப்புறம் முற்றிக் காய்ந்தது. காய்ந்த தாளுக்கு அடியில் புதுக் குருத்து வெயிலே காணாமல் வெளுத்தது. கூட்டாளி வண்டுகள் வேறு காடு தேடிப் போயின. உருட்டி மட்டும் பட்டினியோடு கொட்டகைக்குப் பறந்தது.

அங்கே குழி நிறையச் சாணி குவிந்து கிடந்தது.

"என்ன மாமா, இப்படிக் கொதிக்கறீங்க?" என்று அந்தக் குவியலைக் கேட்டது உருட்டி.

"மூச்சு விட முடியல மாப்பிள்ளை. உள்ளேயே புழுங்கறேன். என் சூடும் அந்தக் காத்துக்குத்தான் போகுது. காய்ச்சல் குறைஞ்சுதான்னு அவனையே கேளு!"

எங்கே குறைந்தது? காற்று இன்னும் அனலாகத்தான் வீசியது.

உருட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓர் உருண்டை பிடித்தது. தார் ரோட்டில் லாரிச் சக்கரத்துக்குத் தப்பி, படலுக்கு அடியில் நுழைந்து, காட்டில் அதைப் புதைத்த பிறகுதான் ஓய்ந்தது.

மழை வந்து மண்ணைத் தட்டியது. "கதவைத் திற!"

"எப்படித் திறக்க? வண்டுத் துளையெல்லாம் தூர்ந்துபோச்சே" என்றது மண்.

மழை கோபித்துக்கொண்டு, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. ஒரே ஒரு துளை மட்டும் மடக்மடக்கென்று குடித்தது.

பின்னொரு நாள் பாவாத்தாள் வந்து பார்த்தாள். பழுப்பேறிய காட்டில் கையகலம் பச்சை. விரலால் கிளறினாள். உள்ளே உருட்டி.

"அட, உன் வேலையா சாமி இது?"

"பாதிதானுங்க ஆத்தா. மீதி செவலையோடது."

பாவாத்தாள் விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வீட்டு ஓடு போனாப் போகுது" என்று படலைத் திறந்தாள். ஆனால் எல்லா மாட்டையும் விடவில்லை. "காடு தாங்கற அளவுக்குத்தான். இந்தப் பக்கம் மேஞ்சா அந்தப் பக்கம் ஆறட்டும்" என்றாள்.

காற்று சீறிக்கொண்டு வந்தது. "ஏண்டி செவலை! இனி ஏப்பம் விடமாட்டேன்னு சொல்லு!"

"விடுவேன். பொய் சொல்ல மாட்டேன். என்னாலயும் உனக்குச் சூடுதான்" என்றது செவலை. "ஆனா நான் மேஞ்ச இடத்துல வேற என்ன நடக்குதுன்னு மண்ணையும் ஒரு வார்த்தை கேளு."

காற்று குனிந்து மண்ணைக் கேட்டது.

வாய் நிறையச் சோறு இருந்ததால் மண் பதில் சொல்லவில்லை.