மாலையை முகர்ந்தது யார்?

சுர்ரென்று மூக்கை உறிஞ்சும் சத்தம். கோயில் பூமண்டபத்துத் திரைக்கு அந்தப்பக்கம் யாரோ இருந்தார்கள். இந்தப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றவர் ராஜா.

வெகு காலத்துக்கு முன்னால் ஆலங்காட்டு நாட்டை ஆண்ட வேலப்ப பூபதி அவர். தன் நிழல் ஏன் தன்னையே தொடர்கிறது என்று விசாரிக்க ஆள் வைக்கக்கூடியவர். திரையை விலக்கினார். உள்ளே பூக்கட்டும் காளத்தியம்மாள், மடியில் அம்மனுக்கான மாலையோடு.

முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அதனால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் தொடுப்பாள். அன்றும் துணி இருந்தது. ஆனாலும் சத்தம் கேட்டதே!

பனியில் பூப்பறித்ததால் சளி என்று சபையில் சொல்லிப் பார்த்தாள். நந்தவன அதிகாரி அரங்கண்ணன் விடவில்லை. பூக்கட்டும் அந்த வேலையைத் தன் மச்சினிக்கு வாங்கித்தர நெடுநாளாய் அலைகிறவன். முகர்ந்தது உண்மையானால் கட்டைவிரலை எடுத்துவிடுவதாக ராஜா சொல்லிவிட்டார். விரல் போனால் அவள் எதைக் கட்டுவது?

மந்திரி சடையனார் மாலையைத் தட்டில் வரவழைத்து, அரங்கண்ணனைப் போல் பூ தெரிந்தவர் நாட்டிலேயே இல்லை என்று புகழ்ந்தார். முகர்ந்த மாலையா, முகராததா என்று அவரே சொல்லட்டும் என்றார்.

அரங்கண்ணன் குனிந்து மோந்தான். “வாசமே இல்லை. இவள்தான் உறிஞ்சிவிட்டாள். நேற்று மகிழம்பூ தூக்கலாக இருந்தது. முந்தாநாள் மரிக்கொழுந்து நெடியில் அது அமுங்கிப் போச்சு.”

“பூசை முடிந்து பிரசாதமாக வந்ததைச் சொல்கிறீர்.”

“நன்றாய்ச் சொன்னீர் மந்திரியாரே. சந்தனமும் கற்பூரமும் ஏறியபிறகு அசல் வாசம் எங்கே தெரியும்? சந்நிதிக்குப் போகும் முன்பே மூக்குக்கிட்டே வைத்து...”

அதோடு நின்றுவிட்டது பேச்சு. தினமும் முகர்வது தான்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ராஜாவே எழுந்துபோய் அரங்கண்ணன் மூக்கில் துணியைக் கட்டினார். இனி அவனுக்கு நந்தவனத்தில் தண்ணீர் இறைக்கும் வேலை. பிறகு மந்திரி பக்கம் மெல்லத் திரும்பினார்.

“இவன் தினமும் முகர்வது உமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது மகாராஜா. சந்தேகப்பட்டேன். தங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.”

ராஜா சிரித்துவிட்டார். கழுத்து முத்துச்சரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். காளத்தியம்மாளுக்கு ஒரு கம்பளி. பூமண்டபத்துத் திரையைக் கழற்றச் சொன்னவர், வாசலில் ஒரு காவலாளையும் நிறுத்தினார்.

அன்றைய மாலைதான் சபையிலேயே எச்சிலாகிவிட்டது. காளத்தியம்மாள் அதை ஆற்றில் விட்டுவிட்டு வந்து, வேறொரு கூடையைப் பாயில் கவிழ்த்து, பூச்சி அரித்த பூக்களைத் தனியே பொறுக்கிப்போட ஆரம்பித்தாள்.