சேவல் இறகில் ஒரு சாளை

அந்தக் காலத்தில் மீன்களுக்குப் பேச்சு உண்டு. கடலுக்குள் எந்நேரமும் சந்தை இரைச்சல்தான். நம்பாதவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. நானும் பிறந்திருக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

தொம்மை என்றொரு தூண்டில்காரன் இருந்தான். பெரிய நெய்மீன் வேண்டுமென்றால் சாளை என்கிற சின்ன மீன் ஒன்றை உயிரோடு தூண்டில் முள்ளில் குத்தி இறக்க வேண்டும். இவன் குத்தப் போகும்போதெல்லாம் சாளை பேச்சைத் தொடங்கிவிடும்.

“மாமா, முதுகுலயா குத்தப் போறீய? வர்ற வாரம் எனக்குக் கல்யாணம்.”

தொம்மை விட்டுவிடுவான். கல்யாணம், வளைகாப்பு, மாமியாருக்குக் காய்ச்சல் என்று நாலு நாளில் ஒரு கூடைச் சாளை கடலுக்கே திரும்பிவிட்டது.

“அங்க கல்யாணப் பந்தி, இங்க பட்டினியா? புள்ளைய நாலு நாளா கஞ்சித்தண்ணிதான் குடிக்குதுவ” என்றாள் அவன் மனைவி மதலேன்.

“அது மூஞ்சியப் பாத்துட்டு நீ குத்திருவியா?”

மதலேனும் அதே ரகம்தான். கோபத்தோடு போய்ச் சேவலை மடக்கிப் பிடித்து, கழுத்திலிருந்து நாலு வெள்ளை இறகைப் பிடுங்கினாள். சேவல் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இறகுகளை முள்ளின் தண்டோடு படுக்கவைத்து நூலால் இறுக்கிச் சுற்றினாள். செவுளுக்குச் சிவப்பு நூல். தண்ணீர்ச் சட்டியில் போட்டு இழுத்தால், மூச்சு விடுகிற சாளை மாதிரியே நெளிந்தது.

மறுநாள் தொம்மை அதைக் கடலில் இழுத்துக்கொண்டு போனான். ஒரு நெய்மீன் கூடவே வந்து சுற்றிப் பார்த்தது. “ஐயோ பாவம், கண்ணில்லாத பிள்ளை” என்று விலகிப் போய்விட்டது.

தொம்மை வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டதும் மதலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நம்மளவிட எளகின மனசால்ல இருக்கு.” தன் கண்மையை விரல் நுனியில் தொட்டு, பொய்மீனுக்கு இரண்டு பக்கமும் கண் வைத்தாள்.

அடுத்த நாள் அதே நெய்மீன் பாய்ந்து கவ்வியது. கட்டுமரத்தில் தலையை வைத்தால் வால் கரையில் கிடந்தது. குறைத்துத்தான் சொல்கிறேன்.

சாளைக்கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. தொம்மை குனிந்து, “இது வெறும் இறகுன்னு நெய்மீனுக்குத் தெரிஞ்சா, நான் மறுபடி உங்களத்தான் குத்தணும், பாத்துக்கோங்க” என்றான்.

“மூச்சு விடமாட்டோம் மாமா.”

சாளை பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அதற்கே நம்பிக்கையில்லை, அதனால் ஒரேயடியாக மூடிக்கொண்டது. முள்ளிலிருந்து தப்பிய நெய்மீன்களாவது சொல்லியிருக்கலாம். கோழி இறகைக் கடித்து ஏமாந்தேன் என்று எந்த மீன் வெளியில் சொல்லும்? பெரியதுகளே பேசாதபோது நமக்கென்ன என்று மற்ற மீன்களும் இருந்துவிட்டன.

அன்று முதல்தான் இறகில் தூண்டில் கட்டுகிறவர்கள் கண் வைக்காமல் கடலில் போடுவதில்லை. மீன்களும் பேசுவதில்லை. உற்றுப் பாருங்கள், என்னவோ சொல்ல வாயைத் திறக்கும்; மாமன் முகம் ஞாபகம் வந்து மூடிக்கொள்ளும்.