இரண்டு கைதட்டல்

"என் பேரு ஒருத்தருக்கும் தெரியலை, குருவே. இனிமே பாட்டே எழுதப் போறதில்லை" என்றார் கிளைவ்.

லண்டன் பாட்டு உலகில் கிளைவ் பெரிய கை. இருபத்தெட்டுப் பாட்டுகள் ஹிட். மெட்டும் அவரே, எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று எழுதுவதும் அவரே. இசைத்தட்டின் உறையில் மட்டும் பாடகர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

குரு ஹேசல், ஒரு சின்ன ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கிளைவைவிடப் பத்து வயது இளையவர். பாட்டு முட்டிக்கொண்டு நின்றால் கிளைவ் ரயிலேறி இவரிடம்தான் வருவார். 'குருவே' என்பது கேலியாக ஆரம்பித்து அப்படியே ஒட்டிக்கொண்டது.

"கம்பெனிக்குக் கடிதம்கூட எழுதிட்டேன். இதோ, பாக்கெட்ல இருக்கு."

"வழியில தபால் பெட்டி இருக்கு, போட்டுடலாம்." ஹேசல் கோட்டை மாட்டிக்கொண்டார். "முதல்ல மேட்ச் பார்ப்போம், வாங்க."

இருவரும் மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளூர்க் கால்பந்து அணி மூன்று கோல் வாங்கியிருந்தது. யாரும் அழவில்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாடியது.

கிளைவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய பாட்டு!

'ரோசி, திரும்பி வா' என்று எழுதியிருந்தார். இவர்கள் ரோசியைத் துரத்திவிட்டு கோல்கீப்பர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வரி முடிந்ததும் எல்லா வாத்தியமும் ஓய்ந்து ஒரு கணம் மௌனம் வரும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வைத்த மௌனம். அதற்குள் இந்தக் கூட்டம் 'டப் டப்' என்று இரண்டு கைதட்டலைச் செருகியிருந்தது.

பக்கத்தில் சிவப்பு மப்ளர் கட்டிய ஒரு தொப்பைக்காரர்.

"அங்க கைதட்டக் கூடாதுங்க. நிறுத்தணும்" என்றார் கிளைவ்.

"யாரு சொன்னா? எங்கப்பா காலத்துலேருந்து இது எங்க பாட்டு. எவனோ திருடிட்டுப் போய் ரேடியோல போட்டான். அதுலயும் கைதட்டலை விட்டுட்டான், அரைகுறை!"

கிளைவ் குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு கைதட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

மூன்றாம் வரி மறுபடியும் வந்தது.

டப் டப்.

அட, என்ன கச்சிதம்! இது நமக்குத் தோன்றாமல் போச்சே என்று கிளைவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாக்கெட்டிலிருந்த கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்தில் அந்த இரண்டு தட்டையும் குறித்தார். குறித்த கையோடு ஒரு புது மெட்டும் வந்தது. அதையும் எழுத ஆரம்பித்தார்.

தொப்பைக்காரர் முழங்கையால் இடித்தார்.

"என்னய்யா எழுதிக்கிட்டிருக்கே? பாடு! பாட்டு தெரியுமில்ல?"

"தெரியாதுங்க" என்றார் கிளைவ். "சொல்லிக் குடுங்க."