பவுனுவின் மாவு டப்பா

செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். தலைவி குமுதவல்லி அம்மைக்கு நாற்பது வயது. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தபின் வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷர்தான். ஆனால் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டால் போச்சு, சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார்.

வெள்ளிதோறும் சூளைப் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது அவர் வேலை. எடை குறைந்த பிள்ளைக்கு வாரம் ஒரு டப்பா சத்துமாவு.

பவுனுவுக்கு மூன்று வயது. எட்டு கிலோ. ஆறு வாரமாக மாவு போகிறது, முள் அசையவே இல்லை. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"மாவை வித்துட்டியாம்மா?" என்றார் ஏகாம்பரம்.

தாய் வேடியம்மாள் பிள்ளையை இறக்கி அணைத்துக்கொண்டாள். "ஐயோ, இல்லீங்க சாமி!"

"அப்ப எங்க போச்சு?"

அவள் வாயெடுப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். பதில் கேட்கவா அவருக்கு நேரம்?

நேரே அம்மையிடம் போனார். "அம்மா, பவுனு பேரை அடிச்சிடறேன். அந்த மாவு வேற பிள்ளைக்காவது ஆகும்."

"பவுனு என்ன ஆவா?"

"நான் என்னம்மா பண்றது? தாயே சரியில்லையே!"

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

மறுநாள் பந்தியில் எட்டுப் பேர். அம்மையே பரிமாறினாள். ஏகாம்பரம் இலையில் சோறு, கீரை, அப்பளம். மற்ற ஏழு இலைகளில் தண்ணீர் தெளித்ததோடு சரி.

"சாப்பிடுங்க ஐயா."

"இவங்களுக்கு?"

"பட்டியல்ல உங்க பேர் மட்டுந்தான் இருக்கு."

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் தோட்டவேலை பார்க்கும் வரதன் மரியாதைக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வயிறுதான் சத்தம் போட்டது. ஏகாம்பரத்தைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பிசையாத சோற்றை அள்ளி வரதன் இலையில் வைத்தார். பிறகு இந்தப் பக்கம். பிறகு எதிர்வரிசை. கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஒரு பிடி.

"உங்களுக்கு வச்ச சோறாச்சே," என்றாள் அம்மை. "எங்க போச்சு?"

அவருக்குச் சுருக்கென்றது. அப்படியே எழுந்து, கொளுத்தும் வெயிலில் சூளைக்கு நடந்தார். அவர் போனபின் பந்திக்குச் சோறு வந்தது.

குடிசை வாசலில் வேடியம்மாள் ஒரு கிண்ணம் மாவுக்கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பவுனுவும் அவளுக்கு மூத்த மூன்று பேரும். ஆளுக்கு ஒரு வாய், மாற்றி மாற்றி. அவரைக் கண்டதும் கிண்ணத்தை முந்தானையால் மூடினாள்.

"மூடாதம்மா. தப்பு என்னுது."

அந்த வாரம் முதல் அந்த வீட்டுக்கு நாலு டப்பா போயிற்று. மடத்தில் வெள்ளிக்கிழமைச் சர்க்கரைப் பொங்கல் நின்றது. அந்தக் காசு மாவுக்குப் போயிற்று.

அதிலிருந்து எட்டாவது வெள்ளி. பவுனு தராசில் தொங்கியபடி கையைக் காலை உதைத்து, வீல் என்று ஊரைக் கூட்டினாள். முள் ஒன்பதைத் தாண்டி நின்றது.

"அப்பாடா!" என்றார் ஏகாம்பரம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேடியம்மாள் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அம்மையிடம் கேட்டார். "அவ விக்கலைன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கு எங்க ஐயா தெரியும்? அன்னைக்கு நீங்க ஒருத்தரே சாப்பிட்டிருந்தா, நானும் அவளைச் சந்தேகப்பட்டிருப்பேன்."