முன்னால் போகிற விமானம்

“எனக்கு மட்டும் ஏன் முன்னால் போற இடம் தர மாட்டேங்கறீங்க, அம்மணி?”

டாக்டர் மருதாசலம் இதை நின்றுகொண்டே கேட்டார். கோபம் வந்தால் அவர் உட்கார மாட்டார்.

கோகிலவாணி ஒரு ஹெட்செட்டின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“போன சனிக்கிழமை ஒருத்தனைச் சுட்டீங்களே, டாக்டருங்க. சுட்டதுக்கப்புறம் உங்க விமானம் எங்க போச்சு?”

“எந்த விமானம்?”

“நீங்க ஓட்டினது.”

டாக்டர் விழித்தார்.

“நான்தான் ஹெட்செட்டைக் கழட்டிட்டேனே.”

“சரிங்க. விமானம்?”

“கழட்டினதுக்கப்புறம் விமானம் ஏதுங்க?”

குரு மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கோகிலவாணியைக் குரு என்று சொன்னதும் சிரிக்காதீர்கள். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பீளமேட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே, நாலு நாற்காலியும் ஒரு பழைய ஏசியும் உள்ள அறை. அதுதான் அவர் எங்களுக்குப் பறக்கக் கற்றுத் தரும் இடம். வயது முப்பதைத் தொட்டிருக்கும். டாக்டருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. பல் டாக்டர். வாரமெல்லாம் ஊர்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, சனிக்கிழமை மதியம் ஆனால் படியேறி வந்துவிடுவார்.

நான் கனகராஜ். பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். சண்டையில் டாக்டருக்குப் பின்னால் பறப்பது என் வேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஹெட்செட்டை முகத்தில் மாட்டினால் அறை காணாமல் போய்விடும். அண்ணாந்தால் வானம். குனிந்தால் விமானத்தின் முள்ளும் விளக்கும். கழுத்தைத் திருப்பினால் உங்கள் வால். கையில் ஸ்டிக், காலடியில் பெடல். எதிரே வருகிறவன் வேறு ஏதோ ஊரில் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவனைச் சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

விளையாட்டுதானே என்று டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பத்தொன்பது வயதில் விமானப் படைக்குப் போய் வரிசையில் நின்றவர் அவர். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். “கண்ணாடி போட்டவனுக்கு வானம் இல்லேன்னுட்டாங்க, கனகு,” என்று ஒரு நாள் சொன்னார். இங்கே கண்ணாடியோடு ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார். இங்கே வானம் உண்டு.

சுடுவதில் மன்னன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட அவர் விமானத்தைத் தரையில் இறக்கி நான் பார்த்ததில்லை. ஏறுவார், சுடுவார், “அடிச்சேன்!” என்று கத்துவார், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அறைக்குள் குதிப்பார்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் குதித்தார். நான் அவர் விமானத்துக்குப் பின்னால் மேகத்துக்குள் இருந்தேன்; அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது நேராகப் போனது, நானும் நேராகப் போனேன். அது மெல்லச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே போய்க் கடலில் விழுந்தேன்.

நான் ஹெட்செட்டைக் கழற்றியபோது டாக்டர் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கி வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

“நாளைக்குப் போட்டி,” என்றார் டாக்டர் இப்போது. “முன்னால் போறது நானா இல்லையான்னு இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா இனி இந்தப் படி ஏற மாட்டேன்.”

குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சொல்லிட்டா இடம் உங்களுதுதான்,” என்றார் குரு.

டாக்டர் என்னை இழுத்துக்கொண்டு கீழே, டயர் கடைக்குப் பக்கத்துப் பேக்கரிக்குப் போனார்.

“இது என்னடா கேள்வி, கனகு! கழட்டின விமானம் எங்க போகும்?”

“தெரியலீங்களே டாக்டர்.”

பொய்தான். ஆனால் அவர் கண்ணில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. புதுவிதமான கடைவாய்ப் பல்லைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஓர் ஆர்வம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

வடையைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடினார்.

“கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதுங்க!”

“இல்லீங்க.”

மறுபடி கீழே. மறுபடி மேலே.

“அழிஞ்சு போயிருதுங்க!”

“இல்லீங்க.”

மூன்றாவது தடவை ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அது என் மனசுக்குள்ள பறந்துட்டு இருக்குதுங்க.”

குரு சிரித்துவிட்டார்.

“பல்லு வலின்னு வர்றவங்ககிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?”

டாக்டருக்குக் காது சிவந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“உட்காருங்க,” என்றார் குரு. “ஒரு சுத்து போயிட்டு வரலாம். சண்டை வேண்டாம். நான் முன்னால் போறேன். நீங்க எனக்கு வலது பக்கம் பின்னால வாங்க. கனகராஜ், நீங்க டாக்டருக்குப் பின்னால.”

டாக்டர் பையை இறக்கலாமா வேண்டாமா என்று நின்றார். வானம் என்றால் அவரால் மறுக்க முடியாது. இறக்கிவிட்டார்.

அவர் ஹெட்செட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது குரு என் காதருகே குனிந்தார்.

“அவர் கூப்பிட்டா மட்டும் பேசுங்க. என்ன ஆனாலும் சரி.”

கிளம்பினோம்.

கீழே காடு. எதிரே மலை. மலைக்கு மேலும் கீழும் மேகம். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. முன்னால் போகிறவரின் வலது இறக்கை நுனியில் ஒரு பச்சை விளக்கு எரியும், அது மட்டும்தான். பின்னால் வருகிறவன் அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மலை எங்கே, தரை எங்கே என்று பார்ப்பது முன்னால் போகிறவர் பாடு.

நுழைந்தோம்.

எனக்கு முன்னால் டாக்டரின் பச்சை விளக்கு. டாக்டருக்கு முன்னால் குருவின் பச்சை விளக்கு. கொஞ்சங்கூட ஆடாமல் போனார் டாக்டர். அடேங்கப்பா, சுடாமலும் இந்த மனுஷனுக்குப் பறக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்படி வர்றேனுங்க, அம்மணி?” என்று ரேடியோவில் கேட்டார். குழந்தை மாதிரி இருந்தது குரல்.

பதில் இல்லை.

இஞ்சி வாசம் வந்தது. மேகத்துக்குள் இஞ்சி வாசம்!

“டாக்டருங்க, டீ.”

குரு குரல்தான். ஆனால் ரேடியோவில் வரவில்லை. அறையில் வந்தது. ஒரே அறைதானே, எனக்கும் கேட்டது.

“இப்ப எதுக்குங்க டீ?” என்றார் டாக்டர். “உங்க விளக்கையே பார்த்துட்டு வர்றேன். நல்லா வர்றேனா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நான் உங்க நாற்காலி பக்கத்துலல்ல நிக்கறேன்.”

“பக்கத்துலயா?”

“ஆமாங்க.”

“அப்ப முன்னால?”

“முன்னால விமானம் போயிட்டு இருக்குது.”

“ஓட்டறது யாருங்க?”

“யாரும் இல்லீங்க.”

டாக்டர் மூச்சு விடுவது ரேடியோவில் கேட்டது.

“எப்பக் கழட்டினீங்க?”

“மேகத்துக்குள்ள வந்ததுமே. பால் பொங்கிருமோன்னு பயம்.”

“ஐயோ, நான் உங்களை நம்பியல்ல வந்துட்டு இருக்கேன்!”

“கழட்டினதுக்கப்புறம் விமானம் ஏதுங்க?” என்றார் குரு.

டாக்டருக்கு முன்னால் அந்தப் பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காதது போலப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

அவர் விமானத்தில் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. என்னுடையதிலும் அடித்தது. மலை.

சர்ரென்று பட்டை உரியும் சத்தம் கேட்டது. டாக்டர் கை ஹெட்செட்டுக்குப் போய்விட்டது என்று புரிந்தது. கழற்றப் போகிறார். தப்பித்துவிடுவார். வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் என்ன, குரு திட்டினால் திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் விளக்கையே பார்த்தேன்.

சத்தம் பாதியில் நின்றது.

“கனகு.”

ஆகாயத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“சொல்லுங்க டாக்டர்.”

“நீ எங்கடா இருக்கே?”

“உங்களுக்குப் பின்னாலதானுங்க.”

“அன்னிக்குமா? நான் கழட்டினப்போ?”

“அன்னிக்குந்தானுங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“வலது பக்கம் திருப்பறேன். விடாம வந்துரு.”

பச்சை விளக்கு சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். இடது பக்கம் மேகத்துக்குள் ஏதோ ஒன்று சிவப்பாகப் பற்றி எரிந்தது. குருவின் விமானம். அதையும் தாண்டினோம். ஒரு பாறை என் இறக்கைக்கு அடியில் ஓடி மறைந்தது. சட்டென்று வெயில் அடித்தது. கீழே பச்சைப் பசேலென்று சமவெளி, தூரத்தில் குச்சி மாதிரி ஓடுபாதை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஹெட்செட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

டாக்டர் வேகத்தைக் குறைத்தார். இறங்கத் தெரியாத மனுஷன், ஓடுபாதையைப் பார்த்து மூக்கைத் தாழ்த்தினார்.

“திருப்பிட்டீங்க போலிருக்குது,” என்றார் குரு. “போதும், கழட்டிட்டு டீயைக் குடிங்க. ஆறிப்போகுது.”

“இருங்க அம்மணி,” என்றார் டாக்டர். “எனக்குப் பின்னால ஒருத்தன் வர்றான்.”